எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்...



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். கடையில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்தவன், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

"சார், பசங்களை வச்சு மேய்க்க முடியல சார். காலைல எட்டு மணிக்கு 'அண்ணே காய்ச்சல்'னு ஒரு மெசேஜ் வருது. மதியம் அவன் ஸ்டேட்டஸைப் பாத்தா பழனியில மொட்டை போட்டுக்கிட்டு நிக்கிறான். கேட்டா சிரிக்கிறான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. "டேய், அந்தக் காய்ச்சல் லெட்டரை உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தானே?" என்றேன்.

உண்மைதானே! "மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகையால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." நான்காம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டு, நாற்பது பேரையும் அப்படியே பார்த்து எழுத வைத்தேன். அத்தை கல்யாணத்துக்குப் போனவனும் காய்ச்சல் என்று எழுதினான். ஆடு மேய்க்கப் போனவனும் காய்ச்சல் என்றுதான் எழுதினான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், கையெழுத்துப் போட்ட அவன் அப்பாவுக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விடுப்பு வேண்டுமென்றால் உடம்புக்கு ஏதாவது வர வேண்டும் என்ற பாடத்தை ஒன்பது வயதிலேயே நடத்தி முடித்துவிட்டோம்.

அவன் போன இரண்டு நாளில் தம்பி மகள் சென்னையிலிருந்து பேசினாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. "எப்பம்மா ஊருக்கு வர்றே?" என்று கேட்டேன். "லீவு 31 நாள் இருக்கு பெரியப்பா. ஆப்ல பச்சைக் கலர்ல காட்டுது. அப்ளை பண்ணினா எங்க மேனேஜர் 'இப்பவா?'ன்னு ஒரு வார்த்தை கேப்பார். அதுக்கு பயந்தே பத்து மாசமா போடல" என்றாள்.

ஒருவன் கொடுக்க முடியாமல் தவிக்கிறான். ஒருத்தி கேட்க முடியாமல் தவிக்கிறாள். இரண்டு பேரும் நம் பிள்ளைகள்தான். என் மாணவர்களில் இன்று பாதிப் பேர் விடுப்பு கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள், மீதிப் பேர் கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். சிலர் இரண்டு இடத்திலும் இருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததில் பாதிக் காலம் நான் தலைமை ஆசிரியர். பிறருடைய விடுப்பு என் கையெழுத்தில் இருந்தது. அதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டு, பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்.

1997 என்று நினைவு. அது ஈராசிரியர் பள்ளி. அப்படியென்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். நான் ஒருவன், உதவி ஆசிரியை ஒருவர். அந்த டீச்சர் நன்றாகப் பாடம் நடத்துவார். அநாவசியமாக லீவு போட மாட்டார். ஒரு திங்கட்கிழமை வந்து, "சார், அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி விட்டிருக்காங்க. மூணு நாள் லீவு வேணும்" என்று கேட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கு ஆண்டாய்வு. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வரப்போகிறார். பதிவேடு எல்லாம் அட்டை போட்டு அடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்க வேண்டும். நான் சொன்னேன்: "ரெண்டு நாள் பொறுங்கம்மா. ஆய்வு முடியட்டும். வெள்ளிக்கிழமை போயிட்டு வாங்க."

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் டிவிஎஸ் 50-யில் வந்து பள்ளி வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை மூடக்கூட இல்லை.

அந்த வருடம் அவருடைய தற்செயல் விடுப்பில் ஏழு நாள் மீதம் இருந்தது. டிசம்பர் 31 வந்தால் அது தானாகவே அழிந்துபோகும். மொத்தம் 12 நாளில் ஏழு நாளை வைத்துக்கொண்டு ஒருவர் வந்து கேட்டார், மூன்று நாள்தான் கேட்டார். நான் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை ஆய்வுக்கு வந்த அலுவலர், "டீச்சர் எங்கே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அடடா, பாவம்" என்றார். பதிவேடுகளைப் பார்த்தார். இளநீர் குடித்தார். போய்விட்டார். டீச்சர் இல்லாமலே ஆய்வு நன்றாக முடிந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துவது.

டீச்சர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலும் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். மாறுதலில் போகும் நாளில், பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டிருக்கக் கூடாது சார். எல்லாரையும் போல லெட்டரை மேசையில வச்சுட்டுப் போயிருக்கணும்."

ஆசிரியர்களுக்கு இது உடனே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் இருந்த பழக்கம் இது. தேதி போடாமல் ஒரு விடுப்புக் கடிதம் எழுதி மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போவார்கள். அதிகாரி திடீரென்று வந்தால், தலைமை ஆசிரியர் அன்றைய தேதியைப் போட்டுக் காட்டிவிடுவார். யாரும் வராவிட்டால் மறுநாள் வந்து கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடலாம். விடுப்பும் கழியாது. என் டிராயரிலும் அப்படிப்பட்ட கடிதங்கள் இருந்திருக்கின்றன. மறைத்து என்ன பயன்?

இதை நாங்கள் "அனுசரணை" என்று சொல்லிக்கொண்டோம். அனுசரணை இல்லை, அது கடன். தேதி போடாத கடிதம் என் டிராயரில் இருக்கும்வரை அவர் எனக்குக் கட்டுப்பட்டவர். நான் சொல்லும் வேலையை மறுக்க மாட்டார். அவருக்கு உரிய 12 நாளைப் பயன்படுத்த வேண்டியவர், என் தயவைப் பயன்படுத்தினார். அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது, பிள்ளைகள் எதிரே ஆள் இல்லை. அப்படிப்பட்ட பள்ளியில், நேராக வந்து உண்மையைச் சொல்லிக் கேட்ட ஒருவருக்குத்தான் நான் விடுப்பை மறுத்தேன். பொய் சொல்லியிருந்தால் அவர் தன் அப்பாவை உயிரோடு பார்த்திருப்பார்.

ஹார்டுவேர் கடைக்காரத் தம்பிக்கு நான் சொன்னதும் இதைத்தான். "உன் கடைப் பையன் காய்ச்சல்னு பொய் சொல்றான்னா, அதுக்கு முன்னாடி அவன் ஒரு தடவை உண்மையைச் சொல்லிக் கேட்டிருப்பான். நீ என்ன சொன்னேன்னு யோசிச்சுப் பாரு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா சார், ஒரு தடவை தங்கச்சி வளைகாப்புன்னு கேட்டான். லோடு வருதுன்னு திட்டிட்டேன்" என்றான்.

நான் ஏன் அன்று அந்த டீச்சருக்கு மறுத்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஆய்வு ஒரு காரணம். இன்னொரு காரணம் நானேதான். நான் லீவு போடாத மனிதன் என்று எனக்கு ஒரு பெருமை. என் மாமியார் காரியத்தன்று காலையில் தலையைக் காட்டிவிட்டு, மதியம் பள்ளிக்குத் திரும்பியவன் நான். சொந்தங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். என் மனைவிக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நானே போடாதபோது இவருக்கு என்ன அவசரம் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. லீவு போடாத மேலதிகாரியிடம் வேலை பார்ப்பது கஷ்டம். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர் உட்கார்ந்திருப்பதே போதும்.

ஓய்வு பெறும் விழாவில் மேடையில் பேசியவர்கள் எல்லோரும் "சார் லீவே போட மாட்டார்" என்று புகழ்ந்தார்கள். சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கும் பணம் கொடுத்தார்கள். அதில் வீட்டுக்கு மேல் தளம் போட்டோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது யாராவது "முப்பது வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டதில்லை" என்று சொன்னால் நான் கை தட்டுவதில்லை. அவர் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, கருத்துக்கு வருகிறேன்.

முதல் விஷயம், விடுப்பு சம்பளத்தைப் போன்றது. ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்கும்போது "எதுக்கு உனக்குப் பணம்?" என்று யாரும் கேட்பதில்லை. விடுப்புக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

எங்கள் அரசு வேலையில் ஒரு விதி உண்டு. அடிப்படை விதிகளில் 67-வது. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பணியின் தேவையைக் கருதி மறுக்கலாம், ரத்தும் செய்யலாம் என்று அது சொல்கிறது. தற்செயல் விடுப்பை அந்த விதிகள் ஒரு விடுப்பு வகையாகவே சேர்ப்பதில்லை, அது சலுகைதான். நானும் அந்த விதியின் பின்னால் ஒளிந்துகொண்டவன்தான். ஆனால் அந்த விதி மறுக்க அதிகாரம் கொடுக்கிறதே தவிர, மறுக்கச் சொல்லவில்லை. "பணியின் தேவை" என்றால் வெள்ளம், தேர்தல், பொதுத்தேர்வு. பதிவேட்டுக்கு அட்டை போடுவதில்லை.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே சட்டமே நாள் கணக்குச் சொல்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. அதன்படி ஒரு கடையில் 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. அதை 24 நாள் வரை சேர்த்தும் வைக்கலாம். அது போக உடம்பு சரியில்லை என்றால் 12 நாள். நியாயமான வேறு காரணத்துக்கு இன்னொரு 12 நாள். இந்த இரண்டும் முதல் வருடத்திலிருந்தே உண்டு. வாரம் ஒரு நாள் விடுமுறை தனி. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும், ஐந்து பண்டிகை நாளும் 1958-ஆம் வருடத்துச் சட்டப்படி தனி.

தம்பியிடம் இதைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. "முப்பத்தாறு நாளா சார்? கடையை மூடிட வேண்டியதுதான்" என்றான். அவன் பள்ளியில் படிக்கும்போதே கணக்குக்குப் பயப்படுவான். சிலேட்டு இல்லாததால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

எட்டுப் பேர். ஆளுக்கு 36 நாள். மொத்தம் 288 நாள். எல்லோரும் எல்லா நாளையும் எடுக்கப்போவதில்லை. எல்லோருக்கும் வருடா வருடம் 12 நாள் உடம்பு கெடாது. பாதி என்றே வைத்துக்கொள்வோம். 144 நாள். வருடத்துக்கு 52 வாரம். அப்படியானால் வாரத்தில் ஏறக்குறைய மூன்று நாள் உன் கடையில் யாரோ ஒருவர் இருக்க மாட்டார். இது ஜனவரி ஒன்றாம் தேதியே தெரிந்த விஷயம். எந்த நாள், யார் என்பது மட்டும்தான் தெரியாது. தெரிந்தே வருவதை ஒவ்வொரு தடவையும் விபத்து மாதிரி பார்த்தால் திட்டத்தான் தோன்றும்.

இதுதான் இரண்டாவது விஷயம். மாற்று ஆள் இல்லாத விடுப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

எங்கள் பள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாளாவது நடக்க வேண்டும். இரண்டு ஆசிரியரும் தங்கள் 12 நாள் தற்செயல் விடுப்பை எடுத்தால் 24 நாள். இருநூறில் இருபத்து நான்கு நாள் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். மருத்துவ விடுப்பு, பயிற்சி, கூட்டம் எல்லாம் இதில் சேரவில்லை. விடுப்பைக் கொடுத்த அரசாணையில் அந்த 24 நாளுக்கு யார் பாடம் நடத்துவது என்று எழுதியிருக்காது. அதனால்தான் அந்தச் சுமை கூட வேலை பார்ப்பவர் தலையிலும், பிள்ளைகள் தலையிலும் விழுகிறது. அதனால்தான் விடுப்பு கேட்பவர் குற்றவாளி மாதிரி நிற்கிறார். குற்றம் அவருடையது இல்லை, மாற்று ஏற்பாடு செய்யாத மேலிடத்தின் குற்றம்.

கடைக்காரன் மேலிடம் அவனே. அதனால் அவனுக்கு இது சுலபம். "பில் போட எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "ஒருத்தருக்குத்தான் சார்." "பெயின்ட் கலர் மிஷின்?" "அதுவும் ஒருத்தன்தான்." அப்புறம் எப்படி லீவு கொடுப்பாய்? ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பழக்க ஒரு மாதம் போதும்.

அவன் பக்கத்து நியாயமும் உண்டு. தை பிறந்துவிட்டால் கட்டட வேலை சூடு பிடிக்கும், அப்போது நான்கு பேர் ஒன்றாகப் போனால் வியாபாரம் படுத்துவிடும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீட்டுக்குப் பூஜை போடுவதில்லையே! அந்த மாதங்களில் தாராளமாகக் கொடு. சீசனில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி, எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதி ஒட்டு. விடுப்பை எப்போது எடுப்பது என்பதைப் பேசிக்கொள்ளலாம். எடுப்பதா வேண்டாமா என்பது பேச்சுக்கே வரக்கூடாது.

தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் என்ன சொல்லியது தெரியுமா? வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருடம் சம்பளத்தோடு விடுப்பு. எடுக்காமல் விட்டால் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குப் போகும். ஆனால் முறையாக விண்ணப்பித்து நிர்வாகம் மறுத்திருந்தால், அந்த நாட்களுக்கு 30 என்ற வரம்பே கிடையாது. அதாவது நிர்வாகம் மறுக்கலாம், அந்த நாளை அழிக்க முடியாது. எவ்வளவு நல்ல யோசனை! 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டு வாயால் மறுத்ததற்குக் கணக்கு கிடையாது.

மூன்றாவது விஷயம், காரணம் கேட்காதீர்கள்.

டீச்சர் விஷயத்துக்குப் பிறகு நான் ஒன்று செய்தேன். ஜனவரி மாதம் ஒரு பெரிய தாளில் ஆளுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு ஆசிரியர் அறையில் ஒட்டினேன். விடுப்பு எடுப்பவர் தேதியை எழுத வேண்டும், அன்று யார் வகுப்பைப் பார்ப்பார்கள் என்று எழுத வேண்டும். காரணம் எழுத இடமே விடவில்லை. கடிதத்தில் "சொந்த வேலை" என்று எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டேன். பின்னால் பெரிய பள்ளிக்குப் போனபோதும், அங்கே ஏழு ஆசிரியர், அதையே செய்தேன். டிராயர்க் கடிதம் ஒழிந்தது. ஒரேயடியாக இல்லை, இரண்டு வருடம் ஆயிற்று. லீவு கூடிவிடும் என்று பயந்தேன். கூடவில்லை. காலையில் திடீரென்று வரும் லீவு குறைந்து, முன்கூட்டியே சொல்லும் லீவு அதிகமாயிற்று. பாட்டிகள் இறப்பதும் குறைந்தது.

பெண்களிடம் காரணம் கேட்பது இன்னும் மோசம். "வயித்து வலி சார்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு டீச்சரிடம், "டாக்டரிடம் காட்டினீங்களா?" என்று கேட்ட முட்டாள் நான். பீகாரில் 1992-லேயே அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு மாதம் 2 நாள் இதற்கென்று தனி விடுப்பு கொடுத்துவிட்டார்கள். நாம் இன்னும் தரையைப் பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மகப்பேறு விடுப்பைப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரசு ஊழியருக்கு 90 நாள். பால் மறக்காத பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து, மதியம் வகுப்பில் தவித்த ஆசிரியைகளைப் பார்த்திருக்கிறேன். 2011-இல் அது 6 மாதம் ஆயிற்று, 2016-இல் 9 மாதம், 2021 ஜூலை முதல் 12 மாதம். தனியார் துறையில் 2017 முதல் 26 வாரம். ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் "இனி பொம்பளைங்களுக்கு யார் வேலை கொடுப்பா?" என்று பேசியவர்கள் இருந்தார்கள். பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் என்பதால், மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு இல்லை என்று அலுவலகம் மறுத்திருந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். ஒரு கடிதத்தில் கிடைத்திருக்க வேண்டியதற்கு ஒரு டீச்சர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

நான்காவது, விடுப்பு எடுப்பவர்களுக்கு. மேலே சொன்னதைப் படித்துவிட்டு "சாரே சொல்லிட்டார்" என்று நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மெசேஜ் போடாதீர்கள். திடீர்க் காரியம் என்றால் வேறு. தெரிந்த காரியம் என்றால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். உங்கள் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வேலையைச் செய்தவர் லீவு கேட்கும்போது நீங்கள் முன்னால் நில்லுங்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், இந்தப் பொங்கலுக்கு மற்றவரை அனுப்புங்கள். கல்யாணம் ஆகாதவர், பிள்ளை இல்லாதவர், உள்ளூர்க்காரர் தலையிலேயே எல்லாப் பண்டிகையையும் கட்டாதீர்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

தம்பி மகளுக்கும் அதையேதான் சொன்னேன். "அவர் 'இப்பவா'ன்னு கேட்டா, 'ஆமா சார், பதினாலாம் தேதியிலிருந்து நாலு நாள். என் வேலையை இன்னார் பார்ப்பாங்க'ன்னு மட்டும் சொல்லும்மா. காரணம் சொல்லாதே, மன்னிப்பும் கேக்காதே." அவள் இன்னும் போடவில்லை. போடுவாள் என்று நம்புகிறேன். இதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்றும் தெரியும்.

கடைசியாக, சொந்தங்களுக்கு. நாம் எல்லோரும் முதலாளிகள்தான். நம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு எத்தனை நாள் விடுப்பு? நான் மேலே சொன்ன கடைச் சட்டமோ தொழிற்சாலைச் சட்டமோ நம் சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வராது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்கள் பேச்சில் ஒன்று கட்டாயம் வரும்: "சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டா." ஆண்கள் நாம் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நம் லீவுக்கு மட்டும் சங்கம் வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடமாக மாற்றினோம். மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு, எந்த நாள் என்று அந்த அம்மாவே சமையலறை மாதக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுவார். உடம்பு முடியாத நாள் அதில் சேராது. அவர் வராத நாளில் பாத்திரம் யார் தேய்ப்பது என்று கேட்கிறீர்களா? மாற்று ஆள் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அந்த மாற்று ஆள் நான்தான். குக்கர் அடியைத் தேய்ப்பது, ஆண்டாய்வுக்குப் பதிவேடு எழுதுவதைவிடக் கஷ்டம்.

சரி, வீட்டுப்பாடம். வேலையில் இருப்பவர்கள் உங்களுக்கு எத்தனை நாள் விடுப்பு மீதம் என்று இன்று பாருங்கள். ஆள் வைத்திருப்பவர்கள், உங்களிடம் வேலை பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் மீதம் என்று பாருங்கள். அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் ஒரு நோட்டு வாங்கி இன்றே ஆரம்பியுங்கள். ஹார்டுவேர் தம்பி நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறான். எட்டுப் பெயர், கட்டம் கட்டமாக. முதல் கட்டத்தில் ஒரு பையன் தேதி எழுதி, பக்கத்தில் "பழனி" என்றும் எழுதியிருந்தான். காரணம் வேண்டாம் என்று சொன்னோமே! பரவாயில்லை, உண்மையைத்தான் எழுதியிருக்கிறான்.

மறுபடி எனக்கு ஒரு நான்காம் வகுப்பு கிடைத்தால் கரும்பலகையில் இப்படி எழுதிப் போடுவேன்: "மதிப்பிற்குரிய ஐயா, வரும் வெள்ளிக்கிழமை எங்கள் அத்தை கல்யாணம். எனக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும். அன்றைய பாடத்தை நண்பனிடம் கேட்டு எழுதிக்கொள்வேன்."

அந்த டீச்சர் இப்போது ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவருக்கு போன் செய்து, எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் போடாதீங்க" என்றார். மன்னிப்பும் கேட்டேன், இத்தனை வருடம் கழித்து. "விடுங்க சார்" என்றார். பிறகு அவருடைய அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
உங்கள் சார்